மூன்று சனாதிபதிகளும் ஒரு கலியாணப் பத்திரமும்

சனாதிபதிக்கு எழுதத் தெரியாத வீடு எங்கள் பக்கத்தில் இருக்கவில்லை. மகனைப் பிடித்துக்கொண்டு போனால் எழுதினோம். காணிக்குள் முகாம் போட்டால் எழுதினோம். பென்சன் வரப் பிந்தினாலும் எழுதினோம். மேலே ஒருவர் இருக்கிறார், எல்லாப் பூட்டுகளின் திறப்பும் அவர் இடுப்பில்தான் தொங்குகிறது, விஷயம் அவர் காதுக்குப் போனால் காணும், அதுவே போதும் என்ற எண்ணம், அவரை ஒருநாளும் நம்பாதவர்களிடமும் இருந்தது. பதில் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் பதிவுத் தபாலில் அனுப்பியதற்கான துண்டு சாமிப் படத்துக்குப் பின்னால் செருகியபடி இருக்கும். அந்தத் துண்டுதான் பதில்.

கடலையும் நாலைந்து விமான நிலையங்களையும் கடந்து வந்தபோது எத்தனையோ விட்டுப்போயின. இந்தப் பழக்கம் மட்டும் சேர்ந்து வந்துவிட்டது. அது எனக்குத் தெரியவந்தது லண்டன் மனோர் பார்க்கில், ஒரு குசினியில், வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த ஒரு மனிதரின் வாயால்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. எனக்கு முப்பத்திரண்டு வயது. ஓரிடத்தில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தால் எனக்குக் கால் உளையும். டூட்டிங்கில் இருந்தேன், ஈஸ்ட் ஹாமில் இருந்தேன், பார்க்கிங் என்ற இடத்தில் ஒரு கோழிக்கடைக்கு மேல் இருந்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரு பெட்டியும், ஏழெட்டுக் கொப்பிகளும். கொப்பிகளுக்குள் கவிதையுமில்லாத கட்டுரையுமில்லாத ஏதோ ஒன்றை எழுதிக்கொண்டிருந்தேன். மழை, பஸ், யன்னல், மழை. பகலில் ஒரு சுப்பர் மார்க்கெட்டில் சாமான் அடுக்கினேன். என் ஆங்கிலம் நல்லது என்று ஒரு பெயர் இருந்தபடியால், போகிற வீடுகளில் எல்லாம் கடிதம் எழுதுகிறவன் நான்தான். கவுன்சிலுக்கு, பெனிபிட்டுக்கு, காஸ்காரனுக்கு.

அந்த வீட்டில் மூன்று அறைகளில் ஐந்து ஆண்கள் இருந்தோம். இந்தக் கதைக்கு மூவர் போதும். நான் ஒருவன். மற்றவன் மன்னார்க்காரன், ஆஸ்பத்திரி லோண்ட்ரியில் வேலை, என் வயது, ஞாயிறு தேவாலயத்துப் பூசைக்குத் தவறாமல் போவான், போய்வந்த வாயோடு எல்லாரையும் நக்கலடிப்பான். மூன்றாமவர் அண்ணை. நாற்பது தாண்டியவர். ஊரில் உபதபால் அதிபராக இருந்தவர். லண்டனில் பெற்றோல் நிலையத்தில் காலை ஷிப்ட். எந்தக் கடித உறையைக் கண்டாலும் முதலில் முத்திரையைத்தான் பார்ப்பார், தபால் அடையாளம் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று. விழாவிட்டால் நாக்கால் ஒரு சத்தம் போடுவார்.

அண்ணைக்கு ஒரு மனைவியும் ஒரு மகளும். இருவரும் ஜெர்மனியில் ஒரு சின்ன நகரத்தில், அகதிகளை வைத்திருக்கும் ஒரு கட்டிடத்தில், மூன்றாம் மாடியில். கொழும்பில் ஏற்றிய ஏஜென்ற் லண்டன் என்று சொல்லிக் கூட்டிப்போய் அங்கே விட்டுவிட்டு மறைந்துபோனான். அங்கே அவர்களுக்குக் கொடுத்திருந்த பத்திரத்தின்படி அந்த மாவட்டத்தின் எல்லையைத் தாண்டக் கூடாது. அண்ணைக்கு இங்கே கொடுத்திருந்த பத்திரத்தின்படி நாலு வருடம் முடிந்தால்தான் குடும்பத்தைக் கூப்பிடலாம். அந்த நாலு வருடம் அந்தக் கோடையில் முடிந்தது. முடிந்த கிழமையே விண்ணப்பம் போட்டார். அது குரோய்டனில் இருந்தது. நாங்கள் குரோய்டன் என்றால் ஊரைச் சொல்வதில்லை, குடிவரவு அலுவலகக் கட்டிடத்தைச் சொல்வோம். அங்கே எங்களைப் போல ஆயிரக்கணக்கானவர்களின் பைல்கள் வரிசையில் கிடந்தன.

சனிக்கிழமை பகல் பத்து மணிக்கு அண்ணை ரெலிபோன் எடுப்பார். அங்கே மாடிப்படியில் இருக்கும் பொதுப் போனை யாரோ எடுத்து, யாரோ கூப்பிட்டு, மகள் ஓடி வருகிற சத்தம் கேட்கும். அண்ணை ரிசீவரைக் காதிலிருந்து சற்று விலத்திப் பிடிப்பார், அந்த ஓட்டத்தை நாங்களும் கேட்கட்டும் என்று. விட்டுவந்தபோது மூன்று வயது. இப்போது ஏழு. தமிழில் தொடங்கி ஜெர்மனில் முடிப்பாள். அண்ணை எல்லாவற்றுக்கும் "ஓம் ராசாத்தி, ஓம்" என்பார். விளங்காததற்கு இன்னும் கொஞ்சம் பலமாக ஓம்.

ஒரு ஞாயிறு. அந்தக் கிழமை ஏழு நாளும் சமையல் முறை அண்ணையுடையது. ரேடியோவில், வரும் தைமாதத்திலிருந்து ஐரோப்பா ஒரே சந்தை, உள்ளே மதில் இல்லை, ஆட்களும் சாமான்களும் தடையில்லாமல் போகலாம் என்று ஒருவர் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணை வெட்டுவதை நிறுத்தினார். வெங்காயத்தால் கண் கலங்கியிருந்ததா, வேறெதனாலுமா என்று நான் கேட்கவில்லை.

"அப்ப இவளும் பிள்ளையும் நானும் ஒரே நாட்டுக்கைதானே இருக்கிறம்?"

"நாடில்லை அண்ணை. சந்தை" என்றான் மன்னார்க்காரன்.

"சந்தையெண்டாலும் ஒரு தலைவன் இருப்பான்தானே. எங்கட ஊர்ச் சந்தைக்கே இருந்தவன்." கத்தியால் என்னைக் காட்டினார். "தம்பி, நீர் ஐரோப்பாவின்ர சனாதிபதிக்கு ஒரு கடிதம் எழுதும். ஜெர்மனிக்கும் அவர்தான், லண்டனுக்கும் அவர்தான். ரெண்டு பக்கத்துக்கும் ஒரு சொல்லுச் சொன்னால் விஷயம் முடிஞ்சுது."

சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. எனக்குள்ளும் அதே ஆள்தான் இருந்தார், எல்லாத் திறப்பும் இடுப்பில் தொங்க. அடுத்த நாள் வேலை முடிந்து றொம்போர்ட் றோட் லைப்ரரிக்குப் போனேன்.

அங்கே கண்ணாடிக்குச் சங்கிலி கட்டி மார்பில் தொங்கவிட்டிருந்த ஒரு பெண் இருந்தார். ஐரோப்பாவின் தலைவருடைய விலாசம் வேண்டும் என்றேன். "எந்தத் தலைவர்?" என்று கேட்டார். நக்கல் இல்லை. உண்மையான கேள்வி. இதைக் கேட்டு ஒருவன் வருவதற்காகவே வருடக்கணக்காகக் காத்திருந்தவர் போல எழுந்துபோய், தலையணை மொத்தத்தில் ஒரு புத்தகத்தைத் தூக்கி வந்தார். விரல் மடித்தார். ஆணைக்குழுவுக்கு ஒரு தலைவர். பாராளுமன்றத்துக்கு ஒரு தலைவர். மந்திரிமார் கூடும் சபைக்கு ஒரு தலைவர். நீதிமன்றத்துக்கு ஒருவர். வரவு செலவு பார்க்கும் சபைக்கும் ஒருவர். ஒரு கை முடிந்துபோனது. எல்லாருக்கும் ஒரே பட்டம், பிரெசிடென்ற்.

"இவர்களில் பெரியவர் யார்?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அதைத்தான் அவர்களும் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்" என்றார்.

அன்று மாலை குசினி மேசையில் நான் எழுதிவந்த தாளை விரித்தேன். நீதிமன்றத்தையும் கணக்குக்காரரையும் அண்ணை உடனே தள்ளிவிட்டார். "வழக்குப் போடுறதுக்கோ எழுதுறம்?" மிச்சம் மூவர். ஆணைக்குழுத் தலைவர்: சட்டம் என்ன வேண்டுமென்று முன்வைக்கிறவர், அவருக்குக் கீழே பெரிய உத்தியோகக் கூட்டம். பாராளுமன்றத் தலைவர்: சனம் தெரிந்தெடுத்தவர்கள் தங்களுக்குள் தெரிந்தெடுத்த ஒருவர், நடுவில் இருந்து மணி அடிக்கிறவர். மந்திரிமார் சபைத் தலைவர்: அவர் ஆளே இல்லை, அது ஒரு நாடு.

"அதென்ன நாடு?"

"பன்னிரண்டு நாடும் முறை வைச்சு, ஆறு மாசத்துக்கு ஒரு நாடு தலைமை தாங்கும் அண்ணை. அந்த நாட்டு மந்திரி நடுவில இருப்பார். ஆறு மாசம் முடிய எழும்பி அடுத்தவனுக்கு இடம் விடவேணும்."

அண்ணையின் முகம் தெளிந்தது. "இது எங்கட கோயில் திருவிழா மாதிரி. அண்டைக்குத் திருவிழாச் செலவு ஏற்ற உபயகாரர் தலைப்பாகை கட்டிக்கொண்டு முன்னுக்கு நிப்பார். ஐயர் அவருக்குத்தான் முதல் மரியாதையாக் காளாஞ்சி குடுப்பார். அடுத்த நாள் பாத்தால் ஆள் சனத்துக்கை நிண்டு இடிபடும்."

"அவ்வளவு தூரம் ஏன் போறியள்?" மன்னார்க்காரன் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த தாளைத் தட்டினான். அது எங்கள் சமையல் முறைத் தாள். ஐந்து பேருக்கும் கிழமைக்கு ஒருவராக. முறைக்காரர்தான் என்ன கறி என்று சொல்வார், எத்தனை மணிக்குச் சாப்பாடு என்று சொல்வார், மற்றவர்களைத் தேங்காய் துருவ விடுவார். ஆனால் ஒரு புதுச் சட்டி வாங்கவேண்டும் என்றால் ஐந்து பேரும் ஓமென்று சொல்லவேண்டும். "இந்தக் கிழமை நீங்கள் சனாதிபதி அண்ணை. வாற கிழமை நான். சட்டி மட்டும் அதே சட்டி."

"சரி, இப்ப யாற்ற முறை?" என்று அண்ணை கேட்டார்.

நான் லைப்ரரித் தாளைப் பார்த்தேன். பார்த்துவிட்டு அவரைப் பார்த்தேன். "இந்த ஆறு மாசம் பிரித்தானியா அண்ணை."

மன்னார்க்காரன் மேசையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தான். தோள் குலுங்கியது. "ஐயோ அண்ணை! குரோய்டனைக் கொஞ்சம் அவசரப்படுத்தச் சொல்லி நீங்கள் ஐரோப்பாவுக்கு எழுத, ஐரோப்பா அதைக் குரோய்டன்காரன்ர சொந்தக்காரனிட்டையே குடுக்கப்போகுது!"

அண்ணை சிரிக்கவில்லை. கோபிக்கவுமில்லை. "அப்ப இன்னும் நல்லது" என்றார். "தலைப்பாகை கட்டி நிக்கேக்கை எந்த உபயகாரனும் இல்லையெண்டு சொல்லமாட்டான்."

மூவருக்கும் எழுதுவது என்று முடிவாயிற்று. எழுதியது நான். மூன்று நாட்கள் எழுதினேன். என் கொப்பிகளில் எழுதாத நல்ல வசனங்களையெல்லாம் அந்தக் கடிதத்தில் எழுதினேன். ஒரு பெண்பிள்ளை மூன்றாம் மாடியிலிருந்து படியிறங்கி ஓடி வருகிற சத்தத்தை எழுதினேன். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு அறைகள், நடுவில் பூட்டிய கதவு, திறப்பு மேன்மை தங்கிய தங்களிடம் என்று எழுதினேன். பைல் இலக்கம் எழுதவில்லை. பிறந்த தேதி எழுதவில்லை. சனாதிபதிக்கு இலக்கம் எதற்கு? முடிவில், எங்கள் ஊர் விண்ணப்பமெழுதிகள் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து எழுதிவந்தபடி, இந்தக் கருணைச் செயலுக்காகத் தங்கள் நலனுக்கு என்றென்றும் பிரார்த்திப்பேன் என்று அண்ணையின் பெயரில் எழுதினேன். ஐரோப்பிய ஆணைக்குழுவுக்கு அதற்கு முன்பு யாரும் பிரார்த்தித்ததாகத் தெரியவில்லை.

பிறகு அண்ணை தன் சூட்கேசிலிருந்து ஒரு பொலித்தீன் உறையை எடுத்துவந்தார். உள்ளே கலியாணப் பத்திரம். நாலாக மடித்த மடிப்புகள் பின்னால் செலோரேப் ஒட்டியும் விட்டுக்கொண்டிருந்தன. கீழே இரண்டு கையெழுத்து. மனைவியின் கையெழுத்தில் கடைசி எழுத்து கோட்டைத் தாண்டி வெளியே ஓடியிருந்தது. பின்னால் நின்ற தங்கச்சி முழங்கையைத் தட்டிவிட்டாளாம். கடல் கடந்தபோது சேட்டுக்குள், நெஞ்சோடு வைத்துக்கொண்டு வந்தவர். இன்னொன்று எடுக்கலாம் என்ற கதையே இல்லை. கச்சேரி என்கிற மாவட்ட அலுவலகம் எரிந்துபோனது, பதிவாளர் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது, சண்டையில் பாதை பூட்டு.

"தம்பி, போட்டோக்கொப்பி காணாதோ?"

"காணும்" என்றான் மன்னார்க்காரன், தேங்காய்ச் சொட்டு ஒன்றை வாயில் போட்டபடி.

நான் என்ன சொன்னேன் என்பது இன்றைக்கும் எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம். "ரெண்டு பேருக்குக் கொப்பி வைப்பம். பெரியாளுக்கு ஒறிஜினல் வைப்பம் அண்ணை. சனாதிபதிக்குக் கொப்பி அனுப்புறது மரியாதை இல்லை."

மரியாதை என்பது பொய். என் கடிதத்துக்குப் பக்கத்தில் அந்தச் சாம்பல் நிறப் போட்டோக்கொப்பி அசிங்கமாக இருந்தது. கவுன்சில் போர்ம் மாதிரி இருந்தது. செலோரேப் ஒட்டிய அந்தப் பழைய தாளோடு சேர்ந்தால்தான் என் வசனங்கள் அழும் என்று எனக்குத் தோன்றியது. அதுதான் உண்மை. அண்ணை என் முகத்தைப் பார்த்தார். படித்த பொடியன் சொல்கிறான். ஓம் என்றார். எல்லா மந்திரிமாரும் முன்னால் இருக்க நடுவில் இருக்கிறவர் என்பதால், பெரியாள் மந்திரிமார் சபைத் தலைவர்தான் என்று மூவருமாக முடிவெடுத்து, பிரசெல்ஸ் விலாசமிட்ட அந்த உறைக்குள் அசலை வைத்து, அண்ணை தன் கையால் ஒட்டினார். ஒட்டும்போது ஒரு பழைய தபால் அதிபரின் கை எப்படி இருக்கும் என்று கண்டேன். சுருக்கமில்லை. ஈரம் வெளியே வரவில்லை. பதிவுத் தபால் துண்டுகள் மூன்றும் பிரிட்ஜுக்கு மேலிருந்த முருகன் படத்துக்குப் பின்னால் போயின.

மூன்று கிழமையில் ஆணைக்குழுவிலிருந்து பதில் வந்தது. தலைவரின் சார்பில் என்று யாரோ ஒருவர் கையெழுத்து. கடிதத்துக்கு நன்றி, ஆனால் யார் உள்ளே வரலாம் என்பது அந்தந்த நாட்டின் விஷயம், ஆணைக்குழுவுக்கு அதில் அதிகாரமில்லை. அண்ணை அந்தக் கடிதத்தை இரண்டு நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். சனாதிபதிக்கு எழுதிப் பதில் கண்ட முதல் ஆள் எங்களில் அவர்தான். "அதிகாரம் இல்லையெண்டு எவ்வளவு மரியாதையாச் சொல்லியிருக்கிறான் பாரும்" என்றார். அதிகாரம் இல்லாத ஒரு சனாதிபதியை அவர் அதுவரை கண்டதில்லை. உண்மையில் நானும் கண்டதில்லை. அது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவும், சொல்லத் தெரியாத வகையில் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

தை பிறந்தது. ரேடியோவில் ஐரோப்பா ஒன்றாயிற்று. எங்கள் தெருவில் குப்பை லொறி வழமைபோல வந்தது. இரண்டாம் கிழமை, நான் வேலைக்கு வெளிக்கிடும்போது வாசல் பாயில் ஒரு மண்ணிற உறை கிடந்தது. குரோய்டன்.

அண்ணை ஷிப்ட் முடித்து வரும்வரை நான் வேலைக்குப் போகவில்லை. அவர் வந்ததும் உடைத்து வாசித்தேன். விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டார்கள். எல்லாம் சரி போலத்தான் இருந்தது. மகளின் பிறப்புப் பத்திரமும், கலியாணப் பத்திரமும், இரண்டும் அசல், இருபத்தெட்டு நாட்களுக்குள் நேரில் கொண்டுவந்து காட்டவேண்டும். பிரதி ஏற்கப்படமாட்டாது. பிறப்புப் பத்திரம் சூட்கேசில் இருந்தது.

பிரதி பற்றிய கடைசி வரியை நான் தமிழாக்கவில்லை. அவருக்கு விளங்கியது. பெற்றோல் நிலையத்துச் சீருடையோடு மாடிப்படியின் கீழ்ப்படியில் இருந்தார். குரோய்டன் தன்பாட்டில் வந்துகொண்டிருந்திருக்கிறது. நாங்கள் பேசாமல் இருந்திருந்தால் காணும்.

"நான்தான் அண்ணை..." என்று தொடங்கினேன்.

"நான்தானே ஒட்டினன்" என்றார். அவ்வளவுதான். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். மன்னார்க்காரன் அன்று தன் முறையில்லாமலே எல்லாருக்கும் சமைத்தான். அது இன்னும் மோசம்.

அடுத்த நாள் பகல், வீட்டுப் போனில் மற்றவர்கள் கேட்பார்கள் என்று, நானும் அண்ணையும் தெருமுனை ரெலிபோன் பெட்டிக்குள் நெருக்கிக்கொண்டு நின்றோம். பிரசெல்ஸ் இலக்கத்தை லைப்ரரிப் பெண் தந்திருந்தார். முதலில் ஒருவர் பிரெஞ்சில் எடுத்தார். பிறகு இன்னொருவர். மூன்றாவதாக ஒரு பெண், வயதான, புகைபிடித்த குரல், ஆங்கிலம் பேசினார். நான் சொன்னேன்: தலைவருக்குப் போன ஆண்டு ஒரு கடிதம் அனுப்பினோம், அதற்குள் ஒரு அசல் பத்திரம்.

"எந்தத் தலைமைக்கு? போன ஆண்டென்றால் பிரித்தானியா. இப்போது டென்மார்க்."

தலைவர் எழும்பிப் போகும்போது தன் பைல்களையும் கட்டிக்கொண்டு போயிருப்பார், எங்கள் நாட்டில் அப்படித்தான். பத்திரம் லண்டனுக்குத் திரும்பிவந்து எங்கோ ஒரு பெட்டிக்குள் கிடக்கலாம். கொப்பன்ஹேகனுக்குப் போயிருக்கலாம். நான் இதை அந்தப் பெண்ணிடம் உளறினேன். பக்கத்தில் அண்ணையின் மூச்சில் கண்ணாடி மங்கியது.

அவர் இருமினார். இருமலா சிரிப்பா தெரியாது. "தலைவர்கள் மாறுவார்கள்" என்றார். "அலுமாரி மாறுவதில்லை. அலுமாரித் திறப்பு என்னிடம் இருக்கிறது. எந்த மாதம் அனுப்பினீர்கள்?"

அண்ணை அந்தக் கேள்வியை என் முகத்தில் வாசித்தவர்போல, முருகன் படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்துவந்த துண்டை என் கண்ணுக்கு முன்னால் பிடித்தார். தபால் அடையாளம் தெளிவாக விழுந்திருந்தது. தேதி, இலக்கம், எல்லாம். நான் இலக்கத்தை ஒவ்வொன்றாக வாசித்தேன். அவர் மறுபடி வாசித்தார். தேடிப் பார்க்கிறேன், வாக்குத் தரமுடியாது என்றார்.

வெளியே வந்ததும் அண்ணை கேட்டார்: "யார் தம்பி அது? சனாதிபதியின்ர மனிசியோ?"

"இல்லை அண்ணை. அலுமாரிக்காரி."

"அப்ப அவதான் பெரியாள்" என்றார்.

பதினொரு நாட்கள். அண்ணை தபால்காரரைத் தெருவில் கண்டால் எதிரே போகமாட்டார், அது தபால் தொழிலில் கூடாத பழக்கம் என்பார். வாசலுக்கு உட்பக்கம் நின்று கதவின் துவாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். சனிக்கிழமை போனில் மனைவியிடம் விஷயத்தைச் சொல்லவில்லை. "எல்லாம் சரிவருது" என்றார். மகள் ஓடி வந்தபோது ரிசீவரை விலத்திப் பிடிக்கவில்லை. காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். நான் என் அறைக்குள் போய்ப் பெட்டியை எடுத்து உடுப்புகளை அடுக்கினேன். வீடு மாறுவதுதான் எனக்குத் தெரிந்த ஒரே மருந்து. அடுக்கிவிட்டு, திரும்ப எடுத்து வைத்தேன். அது சரிவந்தாலும் வராவிட்டாலும் இந்த வீட்டில் நின்று பார்க்கவேண்டும் என்று தோன்றியது.

பன்னிரண்டாம் நாள் கதவு தட்டுப்பட்டது. துவாரத்துக்குள் நுழையாத ஒரு தட்டையான பொதி. இரண்டு மட்டைகளுக்கு நடுவில், மடிக்காமல், கலியாணப் பத்திரம். செலோரேப் விட்ட இடத்தில் யாரோ மெல்லிய வெள்ளைப் பட்டியொன்றைப் புதிதாக, அழகாக ஒட்டியிருந்தார்கள். என் கடிதமும் கூட இருந்தது. அதன் முதல் பக்கத்து மூலையில் வந்துசேர்ந்த தேதியின் முத்திரை, ஒரு இலக்கம், அதற்கு மேல் எதுவுமில்லை. எந்தத் தலைவரும் வாசித்த அடையாளமில்லை. ஒரு சின்னத் தாளில் கையால் எழுதியிருந்தது: அசலை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள், எங்களுக்கும்.

அண்ணை பத்திரத்தை வெளிச்சத்தில் பிடித்து மனைவியின் கையெழுத்தைப் பார்த்தார். கடைசி எழுத்து இன்னும் கோட்டுக்கு வெளியேதான் நின்றது. பிறகு உறையை எடுத்துப் பார்த்து, "முத்திரை வடிவா விழுந்திருக்கு" என்றார்.

குரோய்டனுக்கு நானும் போனேன். விடிய ரயில், நீண்ட வரிசை, குளிர். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு இளம்பெண் பத்திரத்தை எடுத்துப் பார்த்து, பிரதியெடுத்துத் திருப்பித் தந்தார். எல்லாம் ஐந்து நிமிடம். பங்குனி முடிவில் ஹீத்ரோவில் அவர்கள் வந்து இறங்கினார்கள். மகள் ஓடி வரவில்லை. ஏழு வருடத்தில் கண்ட மனிதரில் இவர் யார் என்று யோசித்துக்கொண்டு தாயின் கோட்டைப் பிடித்தபடி நின்றாள். அண்ணை முழங்காலில் நின்று "ஓம் ராசாத்தி, ஓம்" என்றார், அவள் ஒன்றும் கேட்காமலே. குரலைக் கேட்டதும்தான் அவளுக்கு ஆளைத் தெரிந்தது.

அவர்கள் பார்க்கிங்கில் ஒரு வீட்டுக்குப் போனார்கள். நாங்கள் முறைத் தாளில் ஒரு பெயரை வெட்டினோம். ஆடி மாதம் நான் தனியே இருந்த ஒரு காலை, மனோர் பார்க் விலாசத்துக்கு அண்ணையின் பெயரில் ஒரு கடிதம் வந்தது. ஐரோப்பிய பாராளுமன்றத் தலைவரின் சார்பில். தங்கள் விண்ணப்பம் பதிவு செய்யப்பட்டு, இலக்கமிடப்பட்டு, உரிய குழுவுக்கு அனுப்பப்பட்டுள்ளது, அங்கே கவனமாகப் பரிசீலிக்கப்படும்.

அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் பார்க்கிங்குக்குப் போனேன். அண்ணை வாசித்தார். மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தார். மகள் தரையில் படுத்து ஆங்கிலத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

"பாவம் மனிசன்" என்றார் அண்ணை. "இன்னும் யோசிச்சுக்கொண்டிருக்கிறார். தம்பி, இவையள் வந்திட்டினமெண்டு எழுதிவிடும்."

"அண்ணை, அவர் எங்கட கடிதத்தைக் கண்ணாலயே கண்டிருக்கமாட்டார். குமாஸ்தாமார் போடுற கடிதம் இது."

"தெரியும்." கடிதத்தை மடித்தார். மடிப்பு மடிப்பில் சரியாக விழுந்தது. "ஆரோ ஒரு பிள்ளை அங்கை இருந்து இலக்கம் போட்டிருக்குத்தானே. அதுக்காவது தெரியவேணும், முடிஞ்சுதெண்டு. இல்லாட்டி அது ஒரு பைலுக்குள்ள கிடந்து அந்தரிக்கும்."

மேசையில் இருந்து எழுதினேன். அந்த முறை பூட்டிய கதவும் திறப்பும் வரவில்லை. பைல் இலக்கத்தை முதல் வரியில் எழுதினேன். பிறகு: என் மனைவியும் மகளும் இன்ன தேதியில் வந்து சேர்ந்தார்கள், விண்ணப்பத்தைத் தயவுசெய்து முடித்துவிடுங்கள், உங்கள் சிரமத்துக்கு நன்றி. நாலு வரி. என் வாழ்நாளில் நான் எழுதியவற்றில் வெட்டித் திருத்தாத ஒரே கடிதம் அது. முடிவில் பிரார்த்தனையைச் சேர்க்கவா என்று கேட்டேன். அண்ணை கொஞ்சம் யோசித்தார். "போடும்" என்றார். "நாங்கள் பிரார்த்திக்கிறம்தானே."

கையெழுத்துக்குக் கீழே, பழக்கத்தில், இணைப்பு என்று எழுதிக் கோடு கீறிவிட்டேன். அண்ணை என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். முதல் தடவையாக இருவரும் அந்த அசலை நினைத்துச் சிரித்தோம், அவர் மனைவிக்கு விளங்காத அளவுக்கு, மகள் எழும்பிவந்து என்ன என்று கேட்கிற அளவுக்கு. சிரித்து முடித்துக் கோட்டுக்கு நேரே எழுதினேன்: ஒன்றுமில்லை.

அண்ணை உறையை வாங்கித் தானே ஒட்டினார். பதிவுத் தபாலில்தான் போடவேண்டும் என்று அடம்பிடித்தார்.